கேட்டுவிட்டுத் தொடுகிறவள்

“பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். உன்னைக் குளிப்பாட்ட கவர்மெண்ட் ஆள் அனுப்புதாம்! இந்தக் கூத்தை எங்கயாவது கேட்டதுண்டா?”

இதே வசனத்தை, இதே சுருதியில், அம்மா தினமும் காலையில் ஒப்பிக்கிறாள்.

“ஏன் கேட்காம? ‘உதவியாள் கொடு, அது எங்க உரிமை’ன்னு மாற்றுத்திறனாளிகள் ஆபீஸ் வாசல் வெயில்ல உட்கார்ந்து எங்க எல்லாரையும்விடச் சத்தமாக் கத்தினது யாரு? நீதானே?” சக்கர நாற்காலியில் இருந்தபடி மகள் சிரித்தாள்.

“கத்தினேன். இல்லேன்னு சொன்னேனா? ஆனா...”

ஆனாவுக்கு மேல் அம்மாவுக்கு ஓடவில்லை. உதவியாள் என்றால் தனக்குத்தான் உதவியாள் என்று நினைத்திருந்தாள். தான் குளிப்பாட்ட, வருகிறவள் தண்ணீர் மொண்டு கொடுப்பாள் என்று. வந்தவளோ முதல் நாளே, “நீங்க போய்ச் சித்த உட்காருங்கம்மா” என்று குளியலறைக் கதவைச் சாத்திவிட்டாள். அதுவும் அம்மாவின் மூக்குக்கு நேரே!

அழைப்பு மணி அடித்தது.

“வந்துட்டா மகாராணி. அடேயப்பா, உன் மூஞ்சியில லைட் எரியறதைப் பாரு!”

குளியலறைக்குள் ஒரே பேச்சும் சிரிப்பும். காய் நறுக்குகிற சாக்கில் அம்மா அந்தக் கதவோரமாகவே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் திரும்பறீங்க?”

“இடது பக்கம்க்கா.”

“தலைக்கு ஊத்தவா?”

“இன்னிக்கு வேண்டாம்.”

நாடகக்காரி! பிறந்ததிலிருந்து நான் தேய்ச்சு விட்ட உடம்பு. எந்தப் பக்கம் திருப்பணும்னு யாரையாவது கேட்டுக்கிட்டா நின்னேன்?

வெண்டைக்காய் கன்னாபின்னாவென்று துண்டானது.

உதவியாள் கிளம்பிப் போனதும் அம்மா ஆரம்பித்தாள். “வகிடு கோணல்.”

“நான்தான் ஓரமா எடுக்கச் சொன்னேன்.”

“ஓகோ! இத்தனை வருஷமா நடு வகிடு எடுத்தேனே, என்கிட்ட சொன்னதே இல்லையே?”

“நீ கேட்டதே இல்லையேம்மா.”

மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்மாவுக்குத்தான் சுருக்கென்றது.

“அவ பண்றதெல்லாம் சம்பளத்துக்குடீ. வாசலைத் தாண்டினா நீ யாரோ அவ யாரோ.”

“அதான் எனக்கு நிம்மதி. முதுகு தேய்ச்சு விட்டதுக்காக நான் நாள் முழுக்க நல்ல பொண்ணா இருக்க வேண்டாம் பாரு.”

சொல்லிவிட்டுக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் தாழ்தள பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. உதவியாள் வர ஆரம்பித்த பிறகுதான் ஒன்பது மணிக்கு அந்த மேஜையில் உட்கார முடிகிறது.

அம்மா துடைத்த அடுப்பையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

மறு வாரம் உதவியாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. விசாரித்தால், சேவை நிறுத்தப்பட்டுவிட்டது என்றார்கள்.

“போனா போறா. நான் என்ன செத்தா போயிட்டேன்?” அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வெந்நீர் தயார். புதுத் துண்டு தயார். அவளுக்கு முப்பது வயசு குறைந்திருந்தது.

மகளைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைக்கும்போதுதான் இடுப்பு சுளீரென்று பிடித்துக்கொண்டது. பாதித் தூக்கலில் இருவரும் ஈரத் தரையில் சரிந்தார்கள். நல்லவேளை, அடி இல்லை. ஆனால் எழுந்து, துடைத்து, உடுத்தி முடிப்பதற்குள் பஸ் போயிருந்தது.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். இன்னொரு நாள் தாமதமாக வந்தால் அந்த மேஜைக்கு வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

மகள் நேரே அந்த மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள். “நீயும் வாம்மா.”

“நான் எதுக்குடீ? எனக்கு இடுப்பு வலி.”

“நீ பேசினாத்தான் எடுபடும். வா.”

அதிகாரி பொறுமையாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “நாங்களா நிறுத்தலைம்மா. உங்க வீட்டிலேருந்துதான் ஒரு அம்மா போன் பண்ணியிருக்காங்க. வெளி ஆள் வந்து எங்க பொண்ணைப் பிரிக்கறா, இனிமே அனுப்பாதீங்கன்னு.”

“யாரோ சொன்னா நிறுத்திடுவீங்களா சார்? சேவை எனக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?”

“வீட்டுப் பெரியவங்க சொன்னா நாங்க எப்படிம்மா...”

“எங்க வீட்டில நானும் அம்மாவும் மட்டும்தான். இவங்க எதுக்கு அப்படிச் சொல்றாங்க? என்னைத் தூக்கித் தூக்கி இவங்க இடுப்பு போனதைப் பார்த்துட்டுத்தான் சார் நான் ஆளே கேட்டேன்.” மகளுக்குக் குரல் உடைந்தது. “எவளோ எங்க பேரைச் சொல்லி விளையாடியிருக்கா.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “அப்படின்னா போன் பண்ணது அவங்க இல்லைன்னு அம்மாவே சொல்லட்டும். நாளைக்கே திரும்ப ஆள் அனுப்பறேன்.”

மகள் சக்கர நாற்காலியைத் திருப்பி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அது நீ இல்லைன்னு சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா.”

அம்மா தரையைப் பார்த்தாள்.

“சொல்லேம்மா.”