முதல் காட்சி மாமா

"படமா மாப்ள அது? லிஃப்டுல மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. மேலயும் போகல, கீழயும் வரல."

மாமா செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஆனால் புதுப் படம் வெளியாகும் நாளில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவர் போக மாட்டார். யாரிடமாவது வேலையை மாற்றிக்கொண்டு முதல் காட்சிக்குப் போய்விடுவார், தனியாக. கொஞ்ச வருஷமாகத்தான் இந்தப் பைத்தியம். சொந்தக்காரர்கள் நடுவே அவர் பெயரே 'முதல் காட்சி' என்றாகிவிட்டது.

அவர் மனைவியின் தம்பி போனை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். அதே படத்தின் அன்றைய மாலைக் காட்சிக்கு அவன் எடுத்திருந்த டிக்கெட்டுகள் அதில் இருந்தன. ஒரு நல்ல படத்துக்காவது அக்காவைக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று ரொம்ப நாளாக அவனுக்கு ஆசை.

"ஊரே அழுதுட்டு வெளிய வருது மாமா. பாத்தவங்க எல்லாம் தியேட்டர் வாசல்லயே நின்னு வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசுறாங்களாம். நீங்க லிஃப்டுங்கறீங்க."

"அழ வைக்கிறது ஒரு வித்தையா? அதுக்கு ரெண்டு வெங்காயம் போதும்."

"அந்தக் கலங்கரை விளக்கப் படத்தையும் குப்பைன்னீங்க. விருது வாங்கிடுச்சு."

"கொடுத்தவன் படம் பூரா தூங்கியிருப்பான். முழிச்சதும் வெக்கப்பட்டுக்கிட்டுக் கொடுத்துட்டான்."

"ரயில் படம்?"

"ரயில் நல்லாத்தான் ஓடுச்சு. கதைதான் ஸ்டேஷனை விட்டே கிளம்பல."

"சரி, நீங்க நல்லாருக்குன்னு சொன்னது எது? அந்தப் பழிவாங்குற படம்! இடைவேளைக்குள்ள பாதி ஊரை வெட்டிச் சாய்ச்சுட்டாங்க. அதைப் போய்க் குடும்பத்தோட பாக்கலாம்னு சொல்லி, மறுநாளே அக்காவைக் கூட்டிட்டுப் போனீங்க."

"வெட்டு ஒவ்வொண்ணும் சுத்தமா இருந்துச்சு மாப்ள. தொழில் தெரிஞ்சவன் எடுத்த படம்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

"அடுத்து வர்றதெல்லாம் எப்படி? அதையும் சொல்லிடுங்க."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேய்ப் படம் ஒண்ணு வருது. ஓடும், எழுதி வெச்சுக்கோ. டிரெய்லர்லயே தெரியுது, பேய்க்கு நல்லா நடிப்பு வருது. அப்புறம் நாலு கிழவனுங்க சேந்து பேங்க்கைக் கொள்ளையடிக்கிற படம். கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்."

"கண்ணை மூடிக்கிட்டு எப்படி மாமா படம் பாக்கறது?"

"குறுக்கே பேசாத."

"அந்த மலைமேல இருக்கிற பள்ளிக்கூடத்துப் படம்? பனியும் மரமுமா, டிரெய்லரே கனவு மாதிரி இருக்கே."

மாமா எதிர்க் கட்டடத்து மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது... பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"அது கிடக்கட்டும். இன்னிக்குப் படத்தைப் பத்திப் பேசுங்க. ஏன் போகக்கூடாது? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. நியாயமா இருந்தா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன்."

"ஹீரோவுக்கு மீசை சரியா ஒட்டல."

"ஹீரோவுக்கு மீசையே கிடையாது மாமா. போஸ்டரைப் பாருங்க."

"அதைத்தான் சொல்றேன். ஒட்டவே இல்ல."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. அக்கா புறப்பட்டுத் தயாராக, தோளில் கைப்பையோடு வந்து நின்றாள். மாமா சட்டென்று எழுந்தார்.

"மாப்ள, சொன்னாக் கேளு. என்னை ரசனை கெட்டவன்னு சொல்லிக்கோ. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சுக்கோ. ஆனா இந்தப் படத்துக்கு இவ வேணாம். இவளுக்குப் பிடிக்காது. இவளுக்கு எது பிடிக்கும், பிடிக்காதுன்னு என்னை விட யாருக்குத் தெரியும்?"

"அதை அக்கா சொல்லட்டும் மாமா."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்து பையை இறக்கினாள்.

"அவரு சொன்னாச் சரியாத்தான்டா இருக்கும். அந்தப் பேய்ப் படம் வரட்டும், எல்லாரும் சேந்து போவோம். இன்னிக்கு நீ உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போ."

மாமாவின் முகத்தில், நின்றுபோன லிஃப்டுக்குள் மறுபடி விளக்கு எரிந்தது போல ஒரு வெளிச்சம். "பாத்தியா! இதுக்குப் பேருதான் ரசனை!" என்று மைத்துனன் முதுகில் ஓங்கித் தட்டினார். "உக்காரு, பால் வாங்கிட்டு வரேன். காப்பி குடிச்சுட்டுப் போலாம்."

அவருடைய செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி மறையும்வரை தம்பி பொறுத்திருந்தான்.

"எப்படிக்கா இவரோட குடித்தனம் பண்ற? சினிமான்னா என்னன்னே இவருக்குத் தெரியல. நல்ல படம் ஒண்ணைக்கூட உன் கண்ணுல காட்ட விடமாட்டேங்கறாரு. நீயும் தலையாட்டுற!"

அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு வேணாம்னு சொல்ற படத்தோட கதையெல்லாம் ரெண்டு நாள்ல ஆபீஸ்ல யாராவது சொல்லிடுவாங்கடா. இன்னிக்குப் படத்தோட கதையும் மத்தியானமே வந்துடுச்சு. எல்லாத்துலயும் ஒரு குழந்தை செத்துப்போகும்," என்றாள். "நம்ம பாப்பா போனதுக்கப்புறம்தான் அவரு எனக்கு முன்னாடி தனியாப் போய்ப் பாத்துட்டு வர ஆரம்பிச்சாரு, எனக்கு அது தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரிய வேணாம்."