கல்யாணத்துக்கு ஒத்திகை

"பொண்ணு கையைப் புடிச்சுக் குடுக்க உங்க அண்ணனைக் கூப்பிடவா? உங்க கைதான் தூக்கச் சொன்னாத் தூக்க மாட்டேங்குதே!" செண்பகவல்லி கணவரிடம் கத்தியது மாடி வீடு வரைக்கும் கேட்டது.

"கையைத் திட்டாதம்மா" என்றாள் கல்யாணப் பெண் இசைவாணி. நர்சு வேலை பார்ப்பவள். "ரெண்டு நரம்பணுவுக்கு நடுவுல சின்ன இடைவெளி இருக்கு. சேதியை அந்தப் பக்கம் கொண்டுபோற ரசாயனம் அப்பா மூளையில வத்திப்போச்சு. மாத்திரைதான் அதை ஊற வைக்கணும். நீ அவிச்ச முட்டையோட குடுக்கிறியே, முட்டைச் சத்து முந்திக்கிட்டு மாத்திரையை வழிமறிக்குது!"

புருஷன் தேறட்டுமென்று வேளைக்கு இரண்டு முட்டை ஊட்டியவள் அடுப்பிலிருந்த முட்டையை இறக்கிவைத்தாள். மறுநாளிலிருந்து மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்து, அரைமணி கழித்துத் தன் கையையே நீட்டி ஒத்திகை பார்த்தாள். நாலு பேர் பார்க்கக் கைகோத்தறியாத தம்பதி. இப்போது வாசற்கதவை வேறு திறந்தே வைத்திருந்தாள்.

மணவறையில் அவர் கை நடுங்கி, கொஞ்சம் யோசித்து, எழுந்தது. இசைவாணி ஓசூருக்குக் குடிபோய்விட்டாள். ஒத்திகை இன்னும் நடக்கிறது.