பன்னிரண்டு மணி நிழல்

சூப்பர்வைசர் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை மேசை மேல் அவன் பக்கமாகத் தள்ளினார். "முதல்ல தண்ணி குடிப்பா. அப்புறம் கையெழுத்துப் போடு."

இந்தக் கோடையில் அந்த ஆள் வாயிலிருந்து தண்ணி என்ற சொல் வருவது இதுதான் முதல் தடவை.

அண்ணன்காரன் பாட்டிலைத் தொடவில்லை. ஏசி காற்று வேர்வையில் பட்டு முதுகு சில்லிட்டது. நேற்றிலிருந்து பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. வெயிலில் வேலை செய்வோர் அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் குடிக்க வேண்டுமாம். தலைசுற்றல், உளறல், வேர்வை நின்றுபோதல் கண்டால் உடனே நிழலுக்குத் தூக்க வேண்டுமாம். கம்பி கட்டுகிற ஒருவனும் எட்டிப் பார்க்க முடியாத அறையில் அதை ஒட்டி வைத்திருந்தார்கள்.

அவன் முன்னால் இருந்த காகிதத்தில் நான்கே வரி. உச்சி வெயிலில் வேலை நிறுத்தப்பட்டது. தொழிலாளர்கள் நிழலில் ஓய்வெடுத்தனர். தண்ணீர் தாராளமாக வழங்கப்பட்டது. இறந்தவருக்கு ஏற்கெனவே உடல்நலக் குறைவு இருந்தது.

முப்பத்தோரு வருஷம் தம்பியாக இருந்தவன் ஒரே நாளில் இறந்தவர் ஆகிவிட்டான். மரியாதை வேறு.

நேற்று இருவரும் ஒன்பதாவது மாடியில் எதிரெதிரே குந்திக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். சூடு கையுறையைத் தாண்டி இறங்கியது. தண்ணீர் டிரம் தரைத் தளத்தில். குடிக்க இறங்கினவனுக்கு மறுநாள் வேலை கிடையாது.

தம்பிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. பன்னிரண்டரை மணிக்கு அவன், பஸ் வந்துருச்சு, ஏறு ஏறு என்று வெறும் தளத்தைக் காட்டிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

"ரேடியோ வேற ஸ்டேஷனைப் புடிச்சிருச்சுடா" என்றான் பக்கத்தில் இருந்தவன். அண்ணனும் சிரித்தான்.

வேர்வை நின்று கழுத்து காய்ந்து கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. சரிந்து விழுந்த பிறகு தொட்டார்கள். கம்பியும் அவனும் ஒரே சூடு.

"மேல இப்பவும் ஆளுங்க கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க சார்."

"அதான் சொல்றேன். நீ போட்டா எல்லாருக்கும் வேலை ஓடும். போடலைன்னா சைட்டை மூடிருவாங்க. அத்தனை பேர் வயித்துலயும் மண்ணு." செல்போனைத் திறந்து நீட்டினார். "ஆதாரம் இல்லாமலா பேசுறேன்? நேத்து எடுத்தது. உன் தம்பிதானே?"

தம்பிதான். கொட்டகையில் பத்துப் பேர் டம்ளரோடு உட்கார்ந்திருக்க, நடுவில் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையில் எதையோ சொல்லி வாயைத் திறந்திருந்தான். கொட்டகைக் காலின் நிழல் கேட் வரைக்கும் நீண்டு கிடந்தது. அடியில் எழுதியிருந்தது: செவ்வாய், மதியம் 12.00.

அண்ணன் போனைக் கையில் வாங்கி விரலால் தள்ளினான்.

புதன், மதியம் 12.00. இன்றுதான் புதன்; சுவர்க் கடிகாரத்தில் மணி இன்னும் பதினொன்றுகூட ஆகவில்லை. தம்பி பச்சைச் சட்டையில் இருந்தான்.

வியாழன். வெள்ளி.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத் தம்பி நீலச் சட்டை போட்டுக்கொண்டு, அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"கொண்டா இங்க." சூப்பர்வைசர் எட்டிப் போனைப் பிடுங்கினார்.

அண்ணன் பேனாவை எடுத்தான். காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினான்.

'ஆறு நாள் படமும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே, சட்டையை மாற்றி மாற்றி எடுத்தது. எல்லாரையும் சிரிக்கச் சொல்லி எடுத்தவன் நான்.'

அதன் கீழே, அவர் கேட்ட கையெழுத்தைப் போட்டான்.