நாற்பது கேள்விக்கு ஒரு மன்றாட்டு

மெல்வின் லேப்டாப்பின் முன் கைகளைக் குவித்து அமர்ந்து, கோயிலில் மாதாவுக்குச் சொல்லும் மன்றாட்டு மாலை ராகத்தில் பாடினான். பக்கத்து அறையிலிருந்து மனைவி ஜெர்லின், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொன்னாள். இரண்டு முறை.

“நோ டாக்கிங், ப்ளீஸ்.”

லேப்டாப்பிலிருந்து வந்த குரல். கேமரா வழியாகத் தேர்வைக் கண்காணிப்பவர். முகம் தெரியாது.

“ப்ரேயர், சார். ஃபேமிலி ப்ரேயர்.”

“ஓகே. கன்டினியூ.”

மெல்வின் இரண்டாவது விடையைத் தேர்ந்தெடுத்தான்.

ஐந்து வருடங்களுக்கு முன்பே வாங்கிய சான்றிதழ்தான். மூன்றே வருடத்தில் காலாவதியாகிவிட்டது. ஆன்லைனில் சேர்ந்திருக்கும் தகவல் பாதுகாப்புப் பட்டப்படிப்புக்கு நடப்புச் சான்றிதழ் வேண்டும். மறுபடி எழுதிய இரண்டு தடவையும் தோற்றான். இன்றும் தோற்றால் படிப்பில் இடம் போய்விடும்.

ஜெர்லின் இதே தேர்வில் முதல் தடவையிலேயே தேறியவள். யோசனை மட்டும் மெல்வினுடையது. கேள்வியையும் நான்கு விடைகளையும் அவன் தமிழில் பாடுவான். அவள் எத்தனை முறை வேண்டிக்கொள்கிறாளோ, அத்தனையாவது விடை.

“மாதாவ இதுல இழுக்கணுமா?” என்று காலையில் கேட்டாள்.

“மாதாவுக்கு நம்ம கஷ்டம் தெரியும்லா.”

“அந்தாளுக்குத் தமிழ் தெரிஞ்சா என்ன செய்வீய?”

“ஏளா, அவன் மணிலாவுலயோ எங்கனயோ இருக்கான். நீ எண்ணிக்கைய விட்டுராத.”

அவள் விடவில்லை. பாஸ்வேர்டுக்கு ஒன்று. வைரஸுக்கு நான்கு. பயர்வாலுக்கு மூன்று.

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. ஜன்னல் வழியாகக் கேட்ட மணி, ஒரு நொடி தள்ளி லேப்டாப்பிலும் கேட்டது. மைக் எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெல்வின் அடுத்த கேள்விக்குப் போனான்.

முப்பத்தொன்பது முடிந்தது. கடைசிக் கேள்வி. உற்சாகத்தில் குரலை உயர்த்தினான்.

“ரெண்டு பேர் பேசுததை நடுவுல ஒருத்தன் களவாக் கேட்டா அதுக்குப் பேரென்ன, சுவாமி கிருபையாயிரும்...”

நான்கு விடைகளையும் பாடி முடித்தான். பதில் இல்லை. ஜெர்லின் வாசலில் சிலிண்டர்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

இன்னும் இரண்டு நிமிடம். மறுபடி முதலிலிருந்து பாடினான். கெஞ்சலாக.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

மெல்வின் நிம்மதியாக விரலை மடக்கினான்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

ராகம் பிசகவில்லை. ஆனால் அது ஆண் குரல். லேப்டாப்பிலிருந்து வந்தது.

“மூணாவதுதான் அண்ணாச்சி. ஆனா பரீச்சை செல்லாது.”