அளந்த வேகம்

"அன்னிக்கு நான் வேலை செய்யல சார். வித்தை காட்டினேன்."

சொல்லிவிட்டு மின்னல் தலையைக் குனிந்துகொண்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்து டார்கெட் வைக்கும் அதிகாரி. தொழிற்சாலையில் அவருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர். வீட்டில் மனைவி கொட்டாவி விட்டால்கூட அளந்து பார்ப்பார் என்று சட்டை மடிக்கும் ஹாலில் பேசிக்கொள்வார்கள்.

"என்ன வித்தை?"

"பிரசவ லீவு முடிஞ்சு அப்பதான் வந்திருந்தேன். குழந்தை பெத்தவ, இனிமே இவளுக்கு எங்க கை ஓடப்போகுதுன்னு நாலு பேர் பேசினாங்க. நீங்க வாட்ச்சோட பக்கத்துல வந்து நின்னதும் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. மூச்சு விடாம மடிச்சுத் தள்ளினேன். அடுத்த வாரமே டார்கெட்டை ஏத்திட்டீங்க."

ஹாலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஸ்டாப்வாட்ச் வந்தால் எல்லாருடைய கையும் கொஞ்சம் கனத்துவிடும். குண்டூசி கீழே விழும். சரியாக இருக்கிற காலரை இன்னொரு முறை நீவிப் பார்ப்பார்கள். ஒருத்தியின் வேகம் எல்லார் தலையிலும் விடியும் என்பது நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும். பேர் வாங்கும் ஆசையில் மின்னல் அதை மறந்தாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. "மின்னல் வெட்டினா, இடி அடுத்தவ தலையிலதான் விழும்" என்று ஒருத்தி காது படவே சொன்னாள்.

அக்கா ஒருத்திதான் பழையபடி பேசினாள். ஒரே மேஜையில் மின்னலுக்கு எதிரே உட்கார்ந்து மடிப்பவள். "பாப்பா ராத்திரி தூங்குச்சா? மெதுவா சாப்பிடு, பால் குடுக்கிற உடம்பு" என்பாள். அந்த அக்காவுக்குத்தான் இப்போது டார்கெட் எட்டவில்லை. எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது. இந்த வாரத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளும்படி இன்று காலை எல்லார் முன்னாலும் வைத்து சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அக்கா அடுத்த சட்டையை எடுத்தாள். மற்றவர்கள் திரும்பி மின்னலைத்தான் பார்த்தார்கள்.

"என்னை மறுபடி அளங்க சார். இந்தத் தடவை சாதாரணமா செய்யறேன். அக்கா சம்பளத்துலதான் அந்த வீடே ஓடுது. என் திமிருக்கு அவங்க ஏன் வேலையை விடணும்?"

"அவங்க கேட்டாங்களா?"

"அவங்களா கேப்பாங்க? மன்னிச்சுக்கோங்கக்கான்னு போய் நின்னேன். போடி பைத்தியம், எனக்கு வயசாச்சு, கை ஓடல, உன்னால ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க."

"சரி, உனக்கு டார்கெட் வந்துடுதா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வந்துடுது சார்."

அதைச் சொல்லவே கூசியது. இரவெல்லாம் குழந்தை தூங்க விடுவதில்லை. பகலில் மடித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது. பால் கட்டிக்கொண்டால் எழுந்து ஓய்வறைக்கு ஓட வேண்டும். அப்படியும் சாயங்காலம் பார்த்தால், மடித்த சட்டைகளை அடுக்கும் அவளுடைய ட்ரே நிறைந்துதான் இருக்கிறது. பழகிய கை, தூக்கத்திலும் ஓடுகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஸ்டாப்வாட்ச் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கவே தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர், லேசாகச் சிரித்தார்.

"நீ ஓடினது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வாட்ச்சைப் பார்த்தா சிலபேர் நொண்டுவாங்க, சிலபேர் ஓடுவாங்க. ரெண்டையும் நான் எடுத்துக்கறதில்ல. உன்னோடதை அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்."

மின்னலுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. "அப்போ டார்கெட் யாரைப் பார்த்து வெச்சீங்க?"

"அவசரமும் இல்லாம சோம்பலும் இல்லாம, ஒரே சீரா செய்யற ஆளாப் பார்த்து எடுக்கணும். அதுவும் அவங்களுக்குத் தெரியாம. இந்த ஜன்னல்ல நின்னுதான் அளந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "உன் அக்காவைத்தான்."

"அக்காவையா?"

"அவங்க சாதாரணமா மடிக்கிற வேகம்தான் இப்ப எல்லாருக்கும் டார்கெட். அதை அவங்களாலயே எப்படி எட்ட முடியாமப் போச்சுன்னு எனக்கும் புரியல. கையில வலியான்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"அதுக்கப்புறம் நீங்க பார்க்கவே இல்லையா சார்?"

"சாயங்காலம் ட்ரேயை எண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்திடறாங்க. அதைத்தான் பார்க்கறேன்." சொல்லும்போது அவருக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினார். "இங்க வா. பக்கத்துல இருந்து பழகினவ நீ. கையில என்ன கோளாறுன்னு உனக்காவது தெரியுதா பாரு."

கீழே ஹாலில் அக்கா மடித்துக்கொண்டிருந்தாள். கை நடுங்கவில்லை, தடுமாறவில்லை. அட்டையை வைத்து, சட்டைக் கைகளை மடக்கி, காலரை நிமிர்த்தி, அதே பழைய சீரில் ஒரு சட்டையை முடித்துத் தன் ட்ரேயில் வைத்தாள். அடுத்ததையும் அப்படியே முடித்தாள். யாராவது கவனிக்கிறார்களா என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்து எதிர்ப்பக்கம் கையை நீட்டினாள்.

மின்னலின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவளுடைய ட்ரே மட்டும் நிறைந்துகொண்டிருந்தது.