படிகம் தோய்த்த தண்ணீர்

ஊர்ப் பிரபுவின் மாளிகையில் இருந்த, நோய் தீர்க்கும் படிகக் கல்லை மூன்று தரம் முக்கியெடுத்த தண்ணீரோடு மார்சலி மலைப்பாதையில் இறங்கினாள். வீடு சேரும்வரை வாளியைத் தரையில் வைக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. தவறினால் தண்ணீருக்குப் பலன் போய்விடும். ஒன்பது நாளாகக் காய்ச்சலில் எழுந்திருக்காத மகள் எய்ரிக்குக்கு இதை விட்டால் வேறு கதி இல்லை.

ஓடைப் பாலத்தருகே எய்ரிக் நின்றிருந்தாள், வெறுங்காலோடு.

“தாகமா இருக்கும்மா. ஒரு வாய் குடும்மா.”

வழியில் இப்படி ஏதாவது வந்து பேச்சுக் கொடுக்கும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மார்சலி உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

கணவன் ஃபெர்கர் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“இப்பத்தான் போயிட்டா,” என்றான். “கடைசியா கண்ணைத் திறந்து, ‘அம்மாகிட்ட தண்ணி கேட்டேன்பா, தரவே இல்ல’ன்னா.”

வாளியில் ஒரு சொட்டும் குறையவில்லை. மார்சலி அதைக் கீழே வைக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.