இடப்பக்கத்து வெளி

நெருக்கடி வந்தால் அந்தக் கடலோர ஊரின் கால்பந்து அணியினர் நிமிர்ந்தும் பாராமல் பந்தை இடப்பக்கக் கோட்டோரம் உதைப்பார்கள். இருபது ஆண்டுகள் அங்கே சிலுவைதாசன் இருந்தான். அவனைக் கடல் கொண்டு ஓராண்டாகியும் அணியினரின் கால்களுக்கு அது தெரியவில்லை. அவன் இடத்தில் இன்று முதன்முறை ஆடும் ரூபனுக்கு எட்டாமல் ஒவ்வொரு பந்தும் வெளியேறியது.

"தாசன் நின்ன எடம்லே அது! தூங்குதியா?" என்று கூட்டம் ஏசியது.

"இன்னொண்ண விட்டா ஒன்னய மாத்திருவேன் மக்கா," என்றார் பயிற்சியாளர்.

மீண்டும் வந்தது பந்து, யாருமற்ற வெளிக்கு. எட்டாதென்று அறிந்தே ரூபன் ஓடினான். அடியவருக்காகக் காத்திருக்கும் தேர்போல் பந்து சுண்ணாம்புக் கோட்டின்மேல் அசையாது நின்றது. அதன் உச்சியில் ஈரமணலாய் ஐந்து விரல்களின் சுவடு. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் துடித்த கையை அடக்கிக்கொண்டு, பந்தை முன்னே உருட்ட ரூபன் அந்தச் சுவட்டின்மேலேயே தன் காலை வைத்தான்.